வாகனம்: வாசகர் கேள்வி பதில் – பக்கியின் மூக்கு ஏன் தாழ்ந்து நிற்கிறது?

இம்முறை வந்த கடிதங்களில் ஐந்து, பக்கியின் உயரத்தைச் சமன் செய்வது பற்றியே இருந்ததால், பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். சென்னையிலிருந்து உறவினர்கள் வரும்போதெல்லாம் 'பக்கி' என்ற சொல்லைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். அங்கே அது சோற்றுக்கு அலைபவனைத் திட்டும் சொல். இங்கே தென்னாப்பிரிக்காவில் அது பின்னால் சுமைத் தொட்டி உள்ள பிக்கப் வண்டி; ஆஃப்ரிகான்ஸ் மொழியிலிருந்து வந்து நம் வாயிலும் ஒட்டிக்கொண்ட அந்தப் பெயரையே நானும் பயன்படுத்துகிறேன்.

கேள்வி: என்னிடம் இருப்பது 2018ஆம் ஆண்டு ஹைலக்ஸ், டபுள் கேப், ஃபோர் பை ஃபோர். வெறுமையாக நிற்கும்போது பின்பக்கத்தைவிட முன்பக்கம் 45 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. முட்ட வரும் மாடுபோல் நிற்கிறது, சமமாக்க வேண்டும் என்று மகன் நச்சரிக்கிறான். முன் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தொகுப்பின்) மேல் ஸ்பேசர் என்ற வட்டை வைத்து 50 மில்லிமீட்டர் உயர்த்திவிடலாம், இரண்டு மணி நேர வேலைதான், வீல் அலைன்மென்ட்கூடத் தேவையில்லை என்று ஒரு கடையில் சொன்னார்கள். நான் வாரம் இருமுறை அதிகாலையில் காய்கறி ஏற்றிக்கொண்டு க்ளேர்வுட் மொத்தச் சந்தைக்குப் போகிறவன். அப்போது பின்பக்கம் 60 மில்லிமீட்டர் இறங்குகிறது. உயர்த்தலாமா? – வெருலம் வாசகர்

பதில்: ஐயா, உங்கள் கேள்விக்கான விடையில் பாதியை நீங்களே அளந்து எழுதிவிட்டீர்கள். முன்பக்கத்து ஸ்பிரிங்குகள் சுமப்பது பெரும்பாலும் என்ஜினை; அந்த எடை என்றும் மாறுவதில்லை. பின்பக்கத்து லீஃப் ஸ்பிரிங்குகளோ (அடுக்கிய எஃகுப் பட்டைகள்) ஒரு நாள் ஒன்றுமே இல்லாமலும் மறுநாள் பல நூறு கிலோ சுமந்தும் ஓட வேண்டியவை. ஆகவே வெறும் வண்டியில் பின்பக்கத்தை உயர்த்தி வைத்து, சுமை ஏறியதும் வண்டி ஏறக்குறைய சமமாக வரும்படி தயாரிப்பாளர்கள் அமைக்கிறார்கள். உங்கள் மகனுக்குக் குறையாகத் தெரியும் அந்த 45 மில்லிமீட்டர், நீங்கள் ஏற்றும் காய்கறிக்காக முன்கூட்டியே ஒதுக்கி வைத்த இடம்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். இன்று சந்தைக்குப் போகும்போது பின்பக்கம் 60 இறங்குவதால், மூக்கு 15 மில்லிமீட்டர் மட்டுமே தூக்கியிருக்கிறது. அது கண்ணுக்கே தெரியாது. கடைக்காரர் சொன்னபடி முன்பக்கத்தை 50 உயர்த்தினால், வெறும் வண்டி அழகாகச் சமமாக நிற்கும். ஆனால் சுமையோடு போகும் ஒவ்வொரு காலையிலும் மூக்கு 65 மில்லிமீட்டர் தூக்கி, பின்பக்கம் குந்தியபடி ஓடும். வீட்டு வாசலில் நிற்கும் நேரத்து அழகுக்காக, வேலை செய்யும் நேரத்து நிலையைக் கெடுத்துக்கொள்வதாகும் இது.

ஸ்பேசர் எப்படி வேலை செய்கிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். உங்கள் வண்டியில் ஸ்ட்ரட்டின் அடிமுனை சக்கரத்தில் அல்லாமல், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் மேல், கீழ்க் கைகளில் கீழ்க் கையின் நடுப்பகுதியில் பொருத்தப்பட்டிருக்கிறது. அதனால் மேலே வைக்கும் வட்டின் தடிப்பைப்போல் ஏறக்குறைய இருமடங்கு உயரம் சக்கரத்தில் கிடைக்கும். 25 மில்லிமீட்டர் வட்டு வைத்தால் 50 மில்லிமீட்டருக்கு நெருக்கமாக உயரும். கடைக்காரர் சொன்ன 50 என்பது வட்டின் தடிப்பா, சக்கரத்தில் கிடைக்கும் உயரமா என்று முதலில் கேளுங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு தடித்த வட்டை வைத்துவிட்டால், சக்கரம் பள்ளத்தில் முழுவதும் தொங்கும்போது மேல் பந்து மூட்டும் முன் சக்கரத்தைச் சுழற்றும் அச்சில் உள்ள சி.வி. ஜாயின்ட் என்ற வளையும் மூட்டும் தமக்கு விதிக்கப்பட்ட கோணத்தைத் தாண்டி வளையும். மேல் கை ஸ்பிரிங்கில் உரசவும் கூடும். தார்ச் சாலையில் இவை எதுவும் தெரியாது. கரும்புத் தோட்டத்து மண் பாதையில்தான் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மூட்டு கடகடக்கத் தொடங்கும்.

அலைன்மென்ட் தேவையில்லை என்று சொன்ன கடையில், வேறு எதைச் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். முன்பக்கத்தின் உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வு, திருப்பு அச்சின் பின்சாய்வு, இரு சக்கரங்களும் ஒன்றையொன்று நோக்கும் கோணம் ஆகிய மூன்றும் மாறும். மூன்றாவது கோணம் தவறினால் டயரின் விளிம்பு இறகுபோல் தேயும். சில ஆயிரம் கிலோமீட்டரில் ஒரு ஜோடி டயரின் விலையாக அந்த அலட்சியம் வெளிப்படும். பின்சாய்வு குறைந்தால், வளைவு முடிந்தபின் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வரும் தன்மை மங்கி, நெடுஞ்சாலையில் வண்டி இங்குமங்கும் அலையும்.

என் கருத்தைக் கேட்டால், ஒன்றும் செய்யாமல் விடுங்கள் என்பேன். மகனின் மனத்தையும் பார்க்க வேண்டும் என்றால், சக்கரத்தில் 20 முதல் 25 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் முன்பக்கத்தை உயர்த்தி, பின்பக்கத்தில் சுமை ஏறும்போது மட்டும் தாங்கும் ஒரு துணைப் பட்டையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது வெறும் வண்டி ஓரளவு சமமாகத் தெரியும். சுமை வண்டியும் குந்தாது. அதற்கும் மேல் உயரம் வேண்டுமானால் வட்டு போதாது. அந்த உயரத்துக்கென்றே செய்த ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும், தேவைப்பட்டால் மாற்று மேல் கையும் சேர்ந்த முழுத் தொகுப்பை வாங்க வேண்டியிருக்கும்.

மகன் இதைத் தன் கையாலேயே செய்ய ஆசைப்பட்டால் ஒரே எச்சரிக்கை: ஸ்ட்ரட்டின் தலையில் சுற்றியுள்ள மூன்று நட்டுகளைக் கழற்றலாம், நடுவிலுள்ள நட்டை ஒருபோதும் தொடக்கூடாது. அழுத்தப்பட்ட ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது அந்த ஒரு நட்டுதான். அது கழன்றால் ஸ்பிரிங் பாயும் வேகத்துக்கு முன்னால் மனித எலும்பு நிற்காது. வேலையை முடித்த பின், எந்த மாற்றம் செய்தீர்கள் என்பதை இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். பின்னாளில் வண்டியை விற்கும்போது சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் ரோட்வொர்தி சோதனைக்கு அனுப்ப வேண்டியிருப்பதால், பொருத்திய பாகங்களின் ரசீதுகளும் கையில் இருப்பது நல்லது.

கேள்வி: என் கணவர் எங்கள் பக்கியின் முன்பக்கத்தை 50 மில்லிமீட்டர் உயர்த்தினார். அதன்பிறகு இரவில் நான் ஓட்டும்போது, விளக்கைத் தாழ்த்தியே வைத்திருந்தாலும், எதிரே வருகிறவர்கள் எல்லாரும் விளக்கை மினுக்கித் திட்டுகிறார்கள். உயரம்தான் காரணம் என்றால், ஒரு கட்டைவிரல் அளவு உயரத்துக்கு இவ்வளவு வித்தியாசமா? விடுமுறைக்கு என்3 நெடுஞ்சாலை வழியாக டர்பன் போக வேண்டும். – லெனேஷியா வாசகி

பதில்: அம்மா, அவர்கள் திட்டுவதில் நியாயம் இருக்கிறது. வண்டி 5 சென்டிமீட்டர் உயர்ந்தது சிறிய விஷயம்தான். அந்த உயர்வு முன்பக்கத்தில் மட்டும் நடந்ததால் வண்டி முழுவதும் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது, அதுதான் சிக்கல்.

நீங்கள் எந்தப் பக்கி என்று குறிப்பிடாததால், முதல் கடிதத்தில் வந்த ஹைலக்ஸையே எடுத்துக்கொள்கிறேன். அதன் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3,085 மில்லிமீட்டர். அந்த நீளத்தில் ஒரு முனையை 50 உயர்த்தினால், ஒளிக்கற்றை ஒவ்வொரு 10 மீட்டருக்கும் 16 சென்டிமீட்டர் மேல்நோக்கித் திரும்பிவிடும். தாழ்த்திய விளக்கு 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இறங்கும்படி வைக்கப்பட்டிருந்தது என்று கொண்டால், இப்போது அது இறங்குவதற்குப் பதிலாக 10 மீட்டருக்கு 6 சென்டிமீட்டர் ஏறுகிறது. தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள விளக்கு, முன்பு 50 மீட்டர் தொலைவில் எதிர்வண்டியின் நம்பர் பிளேட்டின் உயரத்தில், சுமார் 40 சென்டிமீட்டரில் பட்டிருக்கும். இன்று அதே தொலைவில் ஒன்றேகால் மீட்டர் உயரத்தை எட்டுகிறது. சிறிய காரை ஓட்டி வருபவரின் கண்ணைத் தாண்டிய உயரம் அது.

இதில் உங்களுக்கும் நட்டம் உண்டு. சாலையில் விழ வேண்டிய வெளிச்சம் வானத்தில் விழுகிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் டவுன் ஹில்லிலும் வான் ரீனன் கணவாயிலும் பனிமூட்டம் இறங்கும்போது, மேல்நோக்கிய ஒளி பனியில் பட்டுத் திரும்பி, கண் முன்னே வெள்ளைத் திரை விரித்ததுபோல் ஆகிவிடும். ஆகவே டர்பன் பயணத்துக்கு முன்பாகவே இதைச் சரிசெய்துவிடுங்கள்.

வீல் அலைன்மென்ட் செய்யும் இடத்திலோ வாகனச் சோதனை நிலையத்திலோ விளக்கைக் குறிபார்க்கும் கருவி இருக்கும். அங்கே கொடுத்துச் சரிசெய்வதே சிறந்தது. டாஷ்போர்டில் விளக்கைத் தாழ்த்தும் உருளைப் பொத்தான் இருந்தால், அதுவரைக்கும் அதைக் கீழே இறக்கி ஓட்டலாம். ஆனால் அதையே நிரந்தரத் தீர்வாக வைத்துக்கொள்ளாதீர்கள். பின்பக்கத்தில் சுமை ஏறும் நாளுக்கென்று வைத்த பொத்தான் அது. வெறும் வண்டியிலேயே அதை முழுவதும் இறக்கிவிட்டால், விடுமுறைச் சாமான்களை ஏற்றிய பிறகு இறக்குவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

உயர்த்தும் எண்ணத்தில் இருக்கும் மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலைக்கு முந்தைய மாலை, சமதரையில் ஒரு சுவருக்கு 5 மீட்டர் முன்னால் வண்டியை நிறுத்தி, தாழ்த்திய ஒளியின் மேல் விளிம்பு சுவரில் எங்கே விழுகிறது என்பதைக் காகித நாடாவால் குறித்து வையுங்கள். வேலை முடிந்து அதே இடத்தில் நிறுத்தும்போது, ஒளி எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைச் சுவரே காட்டிவிடும்.

கேள்வி: என்னுடையது முன்பக்கத்தில் டார்ஷன் பார் உள்ள பழைய ஃபோர்டு ரேஞ்சர், 2009ஆம் ஆண்டு. போல்ட்டைத் திருகினால் போதும், செலவே இல்லை என்று நண்பர் சொன்னதால் இருபக்கமும் நன்றாகத் திருகி முன்பக்கத்தை உயர்த்திவிட்டேன். பார்வைக்குப் பிரமாதம். ஆனால் டிராக்கன்ஸ்பர்க் பக்கத்து மண் சாலைகளில் வண்டி கல்லாக இடிக்கிறது. திருகியதால் ஸ்பிரிங் இறுகிவிட்டதா? – பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

பதில்: இறுகவில்லை என்பதே பலரையும் வியக்க வைக்கும் விடை. டார்ஷன் பார் என்பது முறுக்கப்படும் எஃகுக் கம்பி. அதன் விறைப்பைத் தீர்மானிப்பவை நீளமும் தடிப்பும். போல்ட்டைத் திருகும்போது கம்பியின் ஆரம்ப நிலை மட்டுமே மாறுகிறது; வண்டியின் எடை மாறாததால், அது நிற்கும்போது கம்பி ஏற்கும் முறுக்கும் ஏறக்குறைய முன்பு இருந்ததே.

அப்படியானால் இடிப்பது எது? சக்கரத்துக்கு மேலே போகவும் கீழே தொங்கவும் என இரு திசையிலும் அசைவிடம் வேண்டும். நீங்கள் உயர்த்திய ஒவ்வொரு மில்லிமீட்டரும் கீழே தொங்குவதற்கான இடத்திலிருந்து எடுக்கப்பட்டது. இப்போது சாதாரணமாக நிற்கும்போதே மேல் கை தன் கீழ்த்திசைத் தடுப்பு ரப்பரை நெருங்கி நிற்கிறது. சிறு பள்ளம் வந்தாலும் சக்கரம் அதற்குள் இறங்க முடியாமல், கை ரப்பரில் மோதுகிறது. அதைத்தான் நீங்கள் கல் என்று உணர்கிறீர்கள். மண் சாலையில் சக்கரம் பள்ளத்தைத் தொடாமல் தாண்டும் அந்தக் கணத்தில் பிடிமானமும் இல்லை. சானி கணவாய் போன்ற இடத்தில், 2,876 மீட்டர் உயரத்து உச்சியை நோக்கிக் கூர்மையான வளைவுகளில் ஏறும்போது, இது வெறும் அசௌகரியமாக மட்டும் இருக்காது.

வீல் ஆர்ச்சுக்கும் (சக்கரத்துக்கு மேலுள்ள வளைந்த விளிம்பு) சக்கரத்தின் நடுப்புள்ளிக்கும் இடையே உள்ள செங்குத்து உயரத்தை இருபக்கமும் அளந்துகொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றும் தேய்மானமும் கணக்கைக் கெடுக்கும் என்பதால்தான் சக்கரத்தின் நடுவிலிருந்து அளக்கச் சொல்கிறேன். பிறகு வண்டியை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டுகளில் உறுதியாக நிறுத்தி, சக்கரங்கள் தொங்கும் நிலையில் மட்டும் போல்ட்டைத் தொடுங்கள். எடை முழுவதும் அமர்ந்திருக்கும்போது திருகினால் மரை அறுந்துபோகும். எத்தனை சுற்று திருகினீர்கள் என்பதைச் சாக்பீஸால் அங்கேயே எழுதி, இருபக்கமும் பாதிப் பாதியாகத் தளர்த்துங்கள். இறக்கிய உடனே அளக்காதீர்கள். தெருவில் ஒரு சுற்று ஓட்டிவந்தால்தான் சஸ்பென்ஷன் தன் உண்மையான உயரத்தில் அமரும். தடுப்பு ரப்பருக்கும் கைக்கும் இடையே கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் இடைவெளி வரும்வரை இதைச் செய்து, இறுதியில் அலைன்மென்ட்டுக்குக் கொண்டுபோங்கள். செலவே இல்லை என்று நண்பர் சொன்னது அந்த இடத்தில்தான் பொய்யாகிறது.

கேள்வி: எல்லாரும் முன்பக்கம் தாழ்வு என்கிறார்கள், எங்கள் பக்கியில் பின்பக்கம்தான் தாழ்ந்து கிடக்கிறது. பின்னால் சுமைத் தொட்டியை மூடும் கேனோபி என்ற கூண்டு நிரந்தரமாக இருக்கிறது. காவடித் திருவிழாக் காலத்தில் கோயில் பாத்திரங்கள், அரிசி மூட்டைகள், பந்தல் கம்பிகள் என ஏற்றிக்கொண்டு, சில வேளை டிரெய்லரும் இழுப்போம். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே கட்டை வைத்துத் தூக்கலாமா, அல்லது முன்பக்கத்தை இறக்கலாமா? – டோங்காட் வாசகர்

பதில்: இரண்டும் வேண்டாம், முதலில் பட்டைகளைப் பாருங்கள். வெறும் வண்டியில் லீஃப் ஸ்பிரிங் மேல்நோக்கிய வளைவை இழந்து தட்டையாகவோ, கீழ்நோக்கிப் புரண்டோ இருந்தால், அது களைத்துப்போனது. வயர் பிரஷால் தேய்த்து, விரிசல் விட்ட பட்டை உண்டா, நடு போல்ட் உடைந்து அச்சு நகர்ந்திருக்கிறதா, இரு முனைகளிலும் உள்ள புஷ் என்ற உறைகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நோயாளியின் காலடியில் செங்கல் வைத்து உயரமாக்குவதைப்போல், களைத்த ஸ்பிரிங்குக்கு அடியில் கட்டை வைத்துப் பயனில்லை. உயரம் கிடைக்கும், தாங்கும் திறன் வராது. சுமை ஏறியதும் மீண்டும் குந்தும்.

கேனோபி நிரந்தரமாக இருப்பதால், உங்கள் வண்டிக்கு வெறும் நாள் என்பதே இல்லை. ஆகவே நிரந்தரச் சுமைக்கு ஏற்ற விறைப்புள்ள புதிய பட்டைத் தொகுப்பைப் போடுவதே முறை. திருவிழா நாட்களுக்கு மட்டும் கூடுதல் தாங்கல் வேண்டுமானால், காற்று அடைத்துப் பயன்படுத்தும் துணைப் பைகள் கிடைக்கின்றன. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது: பையோ பட்டையோ வண்டியைச் சமமாகக் காட்டுமே தவிர, தகட்டில் பொறித்திருக்கும் மொத்த எடை வரம்பை ஒரு கிலோகூட உயர்த்தாது. அச்சும் பிரேக்கும் வண்டியின் அடிச்சட்டமும் (சேஸி) பழையவையே. குந்தாத வண்டியில் அளவுக்கு மீறி ஏற்றும் ஆசை வருவதைத் திருவிழாதோறும் பார்க்கிறேன்.

பின்பக்கத்தின் உயரத்தை மாற்றும்போது பலர் கவனிக்காமல் விடும் சிறு கருவி ஒன்று உண்டு. பல பக்கிகளில் பின் அச்சிலிருந்து சட்டத்துக்கு மெல்லிய கம்பி ஒன்று போகும். அச்சுக்கும் சட்டத்துக்கும் உள்ள தூரத்தை வைத்து, வண்டியில் சுமை இருக்கிறதா என்று கணித்து, பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வோடு அது இணைந்திருக்கும். நீங்கள் பின்பக்கத்தை உயர்த்தினால், சுமை ஏற்றியபோதும் வண்டி வெறுமையாக இருக்கிறது என்று வால்வு ஏமாந்து, பின் பிரேக்கைக் குறைத்துவிடும். உயர்த்திய அளவுக்கு அந்தக் கம்பியின் நிலையைச் சரிசெய்யச் சொல்லுங்கள். பட்டையை அச்சோடு இறுக்கும் யூ போல்ட்டுகளைப் புதிதாகவே போட வேண்டும். ஒருமுறை இறுக்கி நீண்ட போல்ட்டை மீண்டும் நம்பக்கூடாது. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் அவற்றை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

டிரெய்லரைப் பொறுத்தவரை, குந்துவதைவிட முன்சக்கரம் இலேசாவதே ஆபத்து. அது உயரத்தால் வருவதன்று, எடை பின் அச்சுக்கும் பின்னால் அமர்வதால் வருவது. கொக்கியில் 100 கிலோ அழுத்துகிறது, கொக்கி பின் அச்சிலிருந்து ஒன்றேகால் மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்தால், மேலே சொன்ன அச்சிடைத் தூரத்துக்கு, முன் அச்சிலிருந்து சுமார் 40 கிலோ பறிபோய், பின் அச்சில் 140 கிலோ ஏறும். காற்றுப் பையால் பின்பக்கத்தைத் தூக்கிச் சமமாக்கினாலும் பறிபோன அந்த 40 கிலோ திரும்பாது. அரிசி மூட்டைகளைக் கேனோபியின் பின்கதவருகே அடுக்காமல், கேபினை ஒட்டி, அச்சுக்கு முன்னால் அடுக்குங்கள். பந்தல் கம்பி போன்ற நீளமானவை பின்னால் நீட்டிக்கொண்டிருந்தாலும், பாரமான பாத்திரங்கள் முன்னால் இருக்கட்டும். இதற்குச் செலவு எதுவுமில்லை.

கேள்வி: என் பக்கி வலப்பக்கம் 12 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் மட்டும் ஒரு மெல்லிய ஸ்பேசர் வைத்தால் சரியாகிவிடும்தானே? – மெரிபேங்க் வாசகர்

பதில்: தரை சமமாக இருக்கிறதா என்று பார்த்தீர்களா? அதே இடத்தில் வண்டியைத் திருப்பி, முகம் எதிர்த்திசையில் இருக்கும்படி நிறுத்தி மீண்டும் அளந்து பாருங்கள். இப்போது இடப்பக்கம் தாழ்ந்தால், சாய்ந்திருப்பது உங்கள் வீட்டு முற்றம். திருப்பிய பிறகும் வலப்பக்கமே தாழ்ந்தால், டயர்களின் காற்றைச் சமப்படுத்தி, ஓட்டுநர் பக்கத்தில் நிரந்தரமாகக் கிடக்கும் கருவிப் பெட்டியை எடுத்துவிட்டு இன்னொரு முறை அளந்து பாருங்கள். அதற்குப் பிறகும் வித்தியாசம் இருந்தால், முன் ஸ்பிரிங்கின் அடிச்சுற்றை விளக்கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடலோரக் காற்றில் உப்புத் துரு பிடித்து அடிச்சுற்று முறிந்த ஸ்பிரிங்குகளை நம் பகுதி வண்டிகளில் கழற்றியிருக்கிறேன். முறிந்த ஸ்பிரிங்கின் மேல் ஸ்பேசர் வைத்தால் வண்டி நேராக நிற்கும், முறிவு மறைந்திருக்கும். ஸ்பிரிங் நலமாக இருந்தால் மட்டும் மெல்லிய வட்டு வைப்பதில் தவறில்லை. அப்போதும் அதன் தடிப்பு 6 மில்லிமீட்டர் போதும், 12 வேண்டாம். ஏன் என்பது முதல் கடிதத்துக்கான பதிலில் இருக்கிறது.